உங்கள் முகம் உடனே அழிந்துவிடும்

கண்காட்சியில் நின்று விளக்கம் சொல்லும் வேலைக்குக் கலையறிவைவிட முக்கியமானது நல்ல செருப்பு. காலை பத்து மணியிலிருந்து மாலை ஆறு மணி வரை நின்றுகொண்டே, சொன்னதையே சொல்லி, ஒவ்வொரு தடவையும் அப்போதுதான் தோன்றியதுபோல முகத்தையும் வைத்துக்கொள்ள வேண்டும். ஜவுளிக்கடையில் புடவை விரித்துப் போடும் சகோதரிகளே, ஆஸ்பத்திரி வாசலில் டோக்கன் கிழித்துக் கொடுக்கும் அண்ணன்மார்களே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நம் வேலையில் காலும் வாயும்தான் நம்முடையவை, சொல்லுகிற வாக்கியம் யாரோ எழுதிக் கொடுத்தது.

என் பெயர் ஸ்டெல்லா. பதினோரு வருஷம் ஒரு மிஷன் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்தேன். ஒரு நாள் ஓவிய வகுப்பை நிறுத்திவிட்டு, அந்த நேரத்தில் செயற்கை நுண்ணறிவு வகுப்பு என்று போட்டுவிட்டார்கள். ஏழு மாதம் வீட்டில் சும்மா இருந்தேன். அதன்பிறகு கூப்பிட்டு வேலை கொடுத்ததும் செயற்கை நுண்ணறிவைப் பற்றிய கலைக் கண்காட்சிதான். என் தலையெழுத்து அப்படி.

காளவாசலில் ஒரு பழைய கல்யாண மண்டபத்தில், தெருவைப் பார்த்தபடி கண்ணாடிச் சுவர் வைத்த கூடத்தில் நாற்பது நாள் கண்காட்சி. உருவாக்கியவர் இளம்பரிதி என்ற ஓவியர். பரவையில் பிறந்து, வெளியூரில் படித்து, நல்ல பெயர் வாங்கியவர். இயந்திரம் நம்மை எப்படி எடை போடுகிறது, அந்த அதிகாரத்தை அதற்குக் கொடுத்தது யார் என்று ஜனங்கள் யோசிக்க வேண்டும், அதுதான் அவர் நோக்கம். மொத்தச் செலவையும் கடைகளுக்குக் கேமரா விற்கும் ஒரு கம்பெனி ஏற்றுக்கொண்டது. கேமரா விற்கிறவனுக்கு இதில் என்ன அக்கறை என்று முதல் நாளே எனக்கு உறுத்தியது. நான் பிறவிச் சந்தேகக்காரி, தேங்காயைக் காதோரம் ஆட்டிப் பார்க்காமல் வாங்கமாட்டேன். ஆனால் ஏழு மாதம் வேலையில்லாமல் இருந்தவளுக்குச் சந்தேகம் கொஞ்சம் சுரத்தில்லாமல்தான் வரும்.

கூடத்தின் நடுவில் ஒரு நாற்காலி. அதற்கு எதிரே கேமரா, பக்கத்தில் பெரிய டி.வி. நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்தால், இயந்திரம் உங்கள் முகத்தைப் பார்த்து வயது, தொழில், குணம் எல்லாம் ஊகித்து மார்க் போடும். பெரும்பாலும் தப்பாகத்தான் போடும், அந்தத் தப்பைக் காட்டுவதுதான் கலை. நாங்கள் அதைப் பெட்டி என்று சொல்லிக்கொண்டோம். உட்காருகிற ஒவ்வொருவரிடமும் நான் சொல்ல வேண்டிய வாக்கியத்தை ஓவியர் ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்திருந்தார்: உங்கள் முகம் உடனே அழிந்துவிடும். நான் அதை மதுரைக்குத் தக்கபடி மாற்றி, "பயப்படாம உக்காருங்க, நீங்க எந்திரிச்ச உடனே உங்க மொகம் அழிஞ்சிரும்" என்று சொல்லிவந்தேன்.

ஆதார் முகாம்

இரண்டாம் நாள் காலையில் கதவைத் திறக்கிறேன், வாசலில் பன்னிரண்டு பேர் வரிசையில் நிற்கிறார்கள். எல்லார் கையிலும் ஆதார் அட்டை, அதன் ஜெராக்ஸ், ரேஷன் கார்டு. எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. கண்ணாடி வழியாகப் பார்த்தால் ஒரு நாற்காலி, ஒரு கேமரா, பக்கத்தில் ஒரு அம்மா. நம்ம ஊரில் இந்த மூன்றும் ஒரே இடத்தில் இருந்தால் அது ஆதார் திருத்தும் முகாம்தான். இது கலைக் கண்காட்சி என்று தொண்டை கிழியச் சொன்னேன். ஒருத்தர்கூட நகரவில்லை. டோக்கன் எங்கே கொடுக்கிறார்கள் என்று மட்டும் கேட்டார்கள்.

முதலில் நின்றவர் சோலைமலை, சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறவர். நான் ஒன்றுமே சொல்லவில்லை. அவராகவே நாற்காலியில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, சட்டையின் மேல் பித்தானைப் போட்டு, நாடியை நிமிர்த்தி, சிரிக்காமல் கேமராவைப் பார்த்தார். இத்தனை வருஷம் எத்தனை ஆபீஸில் அவரை இப்படி உட்கார வைத்திருந்தால் இது தானாக வரும் என்று நினைத்தேன். பெட்டி சொன்னது: வயது 71, தொழில்: வேலையற்றவர், நம்பகத்தன்மை: 43. இதைத் திருத்த எந்த ஃபாரம் என்று கேட்டார். திருத்த முடியாது, இயந்திரம் தப்பு செய்யும் என்று காட்டத்தான் இப்படி வைத்திருக்கிறோம் என்றேன். ஆதார் அட்டையைப் பாலித்தீன் உறையில் போட்டு, உறையை மடித்து, மடியில் செருகிக்கொண்டு எழுந்தார்.

"விடியக் காலையில இருந்து கொடிக்கால்ல வெத்தல கிள்ளிட்டு வாரேன், என்னைய வேலையத்தவன்னு போட்டிருக்கு. தப்புன்னு தெரிஞ்சும் திருத்த மாட்டோம்ங்கிறீக. அப்ப இது கவர்மெண்டுதாம்மா, நீ மறைக்காத."

திருடன் வரிசை

ஒரு சுவரில் இரண்டு வரிசைப் படங்கள். "முதலாளி" என்று கேட்டபோது இயந்திரம் வரைந்த படங்கள் மேலே, "திருடன்" என்று கேட்டபோது வரைந்தவை கீழே. மேல் வரிசையில் எல்லாரும் வெள்ளை வெளேரென்று கோட்டு சூட்டில். கீழ் வரிசையில் எல்லாரும் கறுப்பு, நாலு நாள் தாடி, கைலி, தலையில் துண்டு. நாம் காலங்காலமாகப் போட்டு வைத்த படங்களைப் பார்த்துத்தான் இயந்திரம் படித்தது, அதனால் இந்தப் புத்தி யாருடையது என்று நீங்களே யோசியுங்கள் என்று நான் விளக்கம் சொல்ல வேண்டும்.

பரவை மார்க்கெட்டில் வெங்காய மொத்த வியாபாரம் செய்யும் தங்கராசு அண்ணன் ஒரு மத்தியானம் தன் கடைக் கணக்கப்பிள்ளையோடு வந்தார். கணக்கப்பிள்ளை நல்ல சிவப்பு, சட்டையை டக்-இன் செய்திருந்தார். தங்கராசு அண்ணன் மேல் வரிசையை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு கீழ் வரிசைக்கு வந்து மூன்றாவது படத்தில் நின்றுவிட்டார். அதே மீசை, அதே கட்டம் போட்ட கைலி. எனக்கு எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை. கணக்கப்பிள்ளை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் விளக்கத்தை ஆரம்பித்தேன், அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"டீச்சர், எங்கிட்டச் சம்பளம் வாங்குறவன் மேல இருக்கான், நான் கீழ இருக்கேன். மிஷினுக்கு இதச் சொல்லிக் குடுத்த ஆளு எங்க கடைக்கு வந்து என்னைய விட்டுட்டு இவன முதலாளின்னு கும்பிடுற ஆளுதான், எனக்கு யாருன்னு தெரிஞ்சு போச்சு."

டி.வி.க்குப் பின்னால்

ஓய்வுபெற்ற கிளார்க்குகள் இரண்டு பேர், மச்சான் மாப்பிள்ளை முறை. ஒருவர் நாற்காலியில் உட்கார, இன்னொருவர் நேராக டி.வி.க்குப் பின்னால் போனார். அங்கே ஒளிந்துகொண்டு யாரோ டைப் அடிக்கிறார்கள் என்பது அவர் முடிவு. ஒயரைத் தூக்கிப் பார்த்தார், மேஜைத் துணியை விலக்கிப் பார்த்தார், கழிப்பறைக் கதவைக்கூடத் தட்டினார். கடைசியில் என் எதிரில் வந்து நின்று, என் இரண்டு கையையும் பார்த்தார். நான் என் வாக்கியத்தைச் சொல்லி, முகம் அழிந்துவிடும் என்று அவருக்கும் உறுதி கொடுத்தேன். அவர் நாற்காலியில் இருந்தவரைப் பார்த்துச் சொன்னார்:

"மாப்ள, இந்தம்மா டைப் அடிக்கல. ஆனா சொல்றதும் இவங்களாச் சொல்ற மாதிரி தெரியல. இவங்களுக்கும் பின்னாடி ஒருத்தன் இருக்கான்."

பூதத்துக்கு மார்க்

முதல் வாரத்திலேயே பெட்டி மூன்று தடவை நின்றுபோனது. மண்டபத்துக் காவல்காரர் முத்தையா அண்ணன் ஒரே பார்வையில் காரணத்தைக் கண்டுபிடித்தார். இம்புட்டுப் பேர் வாயைப் பிளந்து பார்த்தால் கண்ணு படாமல் என்ன செய்யும் என்றார். மறுநாள் நான் வருவதற்கு முன்பே திருஷ்டிப் படம் ஒன்று வாங்கி மாட்டிவிட்டார். கட்டுகிற வீடுகளில் தொங்குமே, சிவந்த முகம், பிதுங்கிய கண், முறுக்கு மீசை, கோரைப்பல், தொங்கும் நாக்கு, அந்தப் பூதம்தான். வாசலில் மாட்டியிருந்தால் பரவாயில்லை. கண்ணு பட்டது பெட்டிக்குத்தானே என்று, பெட்டிக்கு நேர் எதிரே, நாற்காலிக்குப் பின்னால் இருந்த ஆணியில் மாட்டியிருந்தார்.

பத்து மணிக்கு நான் சுவிட்சைப் போட்டேன். பெட்டி பூதத்தைப் பார்த்தது. ஆண், வயது 52, தொழில்: உயர் காவல் அதிகாரி, நம்பகத்தன்மை: 91. அதுவரை அந்தக் கூடத்தில் ஒரு மனிதப் பிறவிகூட அவ்வளவு மார்க் வாங்கியதில்லை. முத்தையா அண்ணனே 38தான். அன்றைக்குப் பன்னிரண்டு மணிக்கு வந்த இளம்பரிதி, தன் படைப்பின் அழகு கெட்டுப்போகிறது என்று படத்தைக் கழற்றச் சொல்லிவிட்டார். ஆக, பூதம் கேமராவுக்கு முன்னால் இருந்தது ஒரே ஒரு நாள், இரண்டே மணி நேரம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். முத்தையா அண்ணன் படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"நாப்பது வருசமா ஒரு பொருள் களவு போகாமக் காவல் காத்தவனுக்கு முப்பத்தெட்டு, நாக்கத் தொங்கப் போட்டவனுக்குத் தொண்ணூத்தொண்ணு. பல்லு பெருசா இருந்தாத்தான் டீச்சர் எங்கயும் மரியாதை."

மெஹர் அக்கா கேட்டது

காஜிமார் தெரு மெஹருன்னிசா அக்காவை எனக்குப் பல வருஷமாகத் தெரியும். அவர் மகள் ஷமீமா என்னிடம் ஓவியம் படித்தவள், இப்போது நர்சிங் இரண்டாம் வருஷம். கண்ணாடி வழியே என்னைப் பார்த்துவிட்டு அம்மாவை உள்ளே இழுத்து வந்துவிட்டாள். வந்ததும் பெட்டியில் உட்கார வேண்டும் என்று நின்றாள். மெஹர் அக்கா கூடவே கூடாது என்றார். அதற்குக் காரணமும் எனக்குத் தெரியும். இரண்டு வருஷம் முன்பு யாரோ ஒரு தையல்கடைக்காரன், கல்யாண வீட்டில் எடுத்த ஷமீமாவின் படத்தைக் கேட்காமல் கொள்ளாமல் தன் விளம்பரத்தில் போட்டுவிட்டான். முகம் தெரியாத பையன்கள் பின்னால் வர ஆரம்பித்தார்கள். பிள்ளை ஒரு மாதம் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் மகளைப் படம் எடுக்கக் கூடாது.

நான் வழக்கம்போல என் வாக்கியத்தைச் சொன்னேன். மெஹர் அக்கா என்னை நிமிர்ந்து பார்த்து, அழிஞ்சிரும் என்று மிஷின் சொல்கிறதா, நீங்கள் சொல்கிறீர்களா என்று கேட்டார். உண்மையைச் சொன்னால், எனக்குத் தெரியாது. அழிவதை நான் ஒரு நாளும் கண்ணால் பார்த்ததில்லை. அட்டையில் இருந்தது, சொன்னேன், அவ்வளவுதான். ஆனால் பின்னால் வரிசை நிற்கிறது, பிள்ளை ஆசையோடு பார்க்கிறாள். தேங்காயை ஆட்டிப் பார்க்கிற நான், நான்தான் சொல்கிறேன் மெஹரக்கா என்று வாயைக் கொடுத்துவிட்டேன். ஷமீமா உட்கார்ந்தாள். வயது 24, தொழில்: செவிலியர், பணிவு: 88. நர்ஸ் என்று சரியாகச் சொல்லிவிட்டதே என்று பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. மெஹர் அக்காவும் அப்போதுதான் சிரித்தார்.

"பணிவு எம்பத்தெட்டா? காலையில இவள எழுப்புற நேரத்துக்கு வீட்டுக்கு வந்து பாக்கச் சொல்லுங்க டீச்சர்."

கட்டம் போடுகிறவள்

மூன்றாவது படைப்பு ஒரு நீளத் துணி. அதில் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கட்டங்கள், கையால் வரைந்தவை. யாரும் அங்கே நிற்கமாட்டார்கள், செல்ஃபிக்கு ஆகாது. ஒரு நாள் கவிதா என்ற பெண் அதன் முன்னால் அரை மணி நேரம் நின்றாள். உதவட்டுமா என்று போனேன். வேண்டாம், இதுதான் என் வேலை என்றாள். டவுனில் ஒரு ஆபீஸில் உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் வரும் படங்களில் உள்ள மனிதர்களைச் சுற்றிக் கட்டம் போட்டு, இது ஆண், இது பெண், இது குழந்தை, இது பை என்று எழுதிக்கொண்டே இருப்பாளாம். அப்படிச் சொல்லிக் கொடுத்துத்தான் இயந்திரத்துக்கு மனிதர்களை அடையாளம் தெரிகிறதாம். படம் எங்கிருந்து வருகிறது, யாருக்குப் போகிறது என்று அவளுக்குச் சொல்வதில்லை. போன மாதம் தன் தெருப் பால்காரர் மேலேயே கட்டம் போட்டிருக்கிறாள். அவரிடம் சொல்லவும் முடியவில்லை, மறுநாள் பால் வாங்கும்போது முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை என்றாள்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு குடும்பம் நாற்காலிக்கு வந்தது. நான் போய் என் வாக்கியத்தைச் சொல்லிவிட்டுத் திரும்பினேன். கவிதா அதைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். சன்னமான குரலில் கேட்டாள்:

"எல்லாரும் இப்படி அழிச்சிட்டாங்கன்னா, நான் தெனமும் கட்டம் போடுறது யாரு மொகத்துக்கு டீச்சர்?"

பளபளப்புத் தாள்

அதற்குப் பிறகு அந்த வாக்கியம் எனக்கு நாக்கில் ஒட்டிக்கொண்டது. ஆனாலும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன், வேலை அல்லவா. முப்பதாம் நாள் கேமராக் கம்பெனியின் விற்பனை மேலாளர் இரண்டு கடை முதலாளிகளை அழைத்து வந்தார். கூடத்துக்கு அவருடைய சென்ட் வாசனை முதலில் வந்தது, அவர் பின்னால் வந்தார். பெட்டியைக் காட்டிக் குசுகுசுவென்று ஏதோ பேசிவிட்டு, ஆளுக்கொரு பளபளப்பான விளம்பரத் தாளைக் கொடுத்தார். அதில் ஒன்று நாற்காலியில் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். உங்கள் கடைக்குள் வருகிறவர் எப்படிப்பட்டவர் என்று வாசலிலேயே தெரிந்துகொள்ளுங்கள், மதுரை முகங்களைக் கொண்டு பயிற்சி பெற்ற கேமரா என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே தபால்தலை அளவில் வரிசை வரிசையாக முகங்கள்.

நாலாவது வரிசையில் பூதம். உயர் காவல் அதிகாரி, 91. முதலில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதிக மார்க் வாங்கிய முகங்களைப் பெட்டியே பொறுக்கியிருக்கிறது, அச்சுக்குப் போகும் முன்பு ஒரு மனுஷன்கூடக் கண் திறந்து பார்க்கவில்லை. பிறகுதான் உறைத்தது. ஒரே நாள், இரண்டு மணி நேரம் மட்டும் இருந்த பூதம் இங்கே இருக்கிறது என்றால், அழிப்பது என்று ஒன்று நடக்கவே இல்லை. பூதத்துக்கு இரண்டு கட்டம் தள்ளி ஷமீமா. செவிலியர், பணிவு 88. தாளோடு மேலாளரிடம் போய்க் கேட்டேன். உள்ளே வந்தாலே சம்மதம் என்று வாசலில் ஒட்டியிருக்கிறதே என்றார். போய்ப் பார்த்தேன், ஒட்டித்தான் இருந்தது. தீயணைப்பு சிலிண்டருக்குப் பின்னால், ஆங்கிலத்தில், எறும்பு எழுத்தில். அழித்துவிடுவோம் என்று தினமும் சொன்னோமே என்று கேட்டேன். அவர் கோபப்படவே இல்லை.

"நாங்க எங்க மேடம் சொன்னோம்? நீங்கதான சொன்னீங்க."

படிக்காத பக்கம்

ஓவியருக்குப் போன் போட்டு வரவழைத்தேன். தாளைப் பார்த்ததும் மனிதர் வெளிறிப்போனார், நடிப்பில்லை. அழித்துவிடுவதாகத்தான் கம்பெனியில் வாய்வார்த்தையாகச் சொன்னார்களாம். ஒப்பந்தத்தை எடுத்து வந்தார். ஏழாம் பக்கத்தில் தெளிவாக இருந்தது: எடுக்கப்படும் படங்களை நிறுவனம் தன் தொழில் மேம்பாட்டுக்குப் பயன்படுத்தலாம். படித்துப் பார்க்காமல் ஜனங்கள் எல்லாவற்றுக்கும் சம்மதம் கொடுக்கிறார்கள் என்பதைப் பற்றி ஒரு வருஷம் உழைத்துக் கண்காட்சி செய்தவர் இவர். நீங்களாவது படித்தீர்களா என்று கேட்டேன். எனக்கிருந்த ஆத்திரத்தில் அந்த நாற்காலியைத் தூக்கிப் போட்டு உடைத்திருப்பேன்.

"ரொம்பச் சின்ன எழுத்து டீச்சர், அன்னைக்கு எங்கிட்டக் கண்ணாடி இல்ல."

காஜிமார் தெரு

அந்தத் தாள் கடைகளுக்குப் போய்ச் சேர்வதற்குள் நான் மெஹர் அக்கா வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று மறுநாள் காலையிலேயே பஸ் ஏறினேன். வழி முழுக்க எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். ஒன்றும் உருப்படியாக வரவில்லை. வாங்க டீச்சர் என்று அவர் டீ போட்டுக் கொண்டுவந்தார். தாளை மேஜையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அன்றைக்கு நான் வாக்குக் கொடுத்தபோது எனக்கே ஒன்றும் தெரியாது என்பதையும் சொன்னேன். அதைச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

ஷமீமா தாளை எடுத்துப் பார்த்தாள், கீழே வைத்தாள், உள்ளே போய்விட்டாள். என்னைப் பார்க்கவில்லை. அவள் வகுப்பில் எத்தனையோ தடவை தப்பாக வரைந்துவிட்டு என்னைத்தான் பார்ப்பாள். கம்பெனி, ஒப்பந்தம், ஏழாம் பக்கம் என்று நான் உளறிக்கொண்டே இருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது, நிறுத்தினால் அழுதுவிடுவேன்போல இருந்தது. மெஹர் அக்கா டீ டம்ளரை என் பக்கம் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

"மிஷின நான் அன்னைக்கும் நம்பல, இன்னைக்கும் நம்பல. உங்க வாயத்தான் டீச்சர் நம்புனேன்."

முகம் வரைந்த நாட்கள்

அன்று மத்தியானமே ஓவியரிடம் சொன்னேன், கேமரா ஓடினால் நான் இல்லை. குறை சொல்லக் கூடாது, அவரே போய் ஒயரைப் பிடுங்கினார். முத்தையா அண்ணன் சுருட்டி வைத்திருந்த பூதத்தைக் கொண்டுவந்து, இந்தத் தடவை கேமராவின் மூஞ்சியை மறைத்து மாட்டினார். நாற்காலிக்கு முன்னால் ஒரு மேஜை, ஒரு முகக்கண்ணாடி, வரைகிற தாள், பென்சில். பார்வையாளர் பதிவேட்டில் ஜனங்கள் கருத்து எழுதிவிட்டுப் போன் நம்பரும் எழுதியிருந்தார்கள். ஒவ்வொரு நம்பருக்கும் நானே பேசினேன். உங்கள் முகம் அழியவில்லை, நான் சொன்னது பொய் என்றேன். சிலர் திட்டினார்கள், சிலர் இதுக்கெல்லாமா போன் போடுகிறீர்கள் என்று வைத்துவிட்டார்கள், நிறையப் பேர் திரும்பி வந்தார்கள்.

வந்தவர்கள் தங்கள் முகத்தைத் தாங்களே வரைய வேண்டும். அடியில் ஒரு வரி: இதுதான் நான், நீங்கள் எடுத்ததை அழியுங்கள். எனக்கு வரைய வராது என்று எல்லாரும் ஆரம்பித்தார்கள், பதினோரு வருஷம் கேட்ட பாட்டுத்தானே. சோலைமலை ஐயா மேல் பித்தானைக் கழற்றிவிட்டுச் சிரித்த முகமாக வரைந்தார். தங்கராசு அண்ணன் தனக்குக் கோட்டும் போட்டு, கீழே கைலியும் கட்டினார். முத்தையா அண்ணன் பல்லை மட்டும் பெரிசாக வரைந்தார். எல்லாவற்றையும் சுவரில் ஒட்டினோம், நகல்களைக் கம்பெனிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். மேலாளர் ஓடி வந்து, இதையெல்லாம் எடுங்கள் என்றார். இளம்பரிதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பக்கத்தை வாசித்துக் காட்டினார். ஓவியர் விரும்பினால் புதிய படைப்புகளைச் சேர்க்கலாம் என்று அங்கே இருந்தது. அதைக் கம்பெனிக்காரர் படிக்கவில்லை போல.

கடைசி நாள் மெஹர் அக்கா வந்தார். ஷமீமா உள்ளே வரவில்லை, கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், தெருவைப் பார்த்தபடி நின்றாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். மெஹர் அக்கா உட்கார்ந்து, முகக்கண்ணாடியைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு, பென்சிலை எடுத்தார். ஒரு முக்காடு வரைந்தார். மடிப்பு, ஓரத்துப் பூவேலை, கழுத்தோரம் குத்திய ஊசி, எல்லாம் அவ்வளவு அழகாக வந்தது. நடுவில் ஒன்றுமே போடவில்லை. கண்ணு மூக்கு வரைவார் என்று நான் காத்திருந்தேன். அவர் பென்சிலை வைத்துவிட்டு, தாளை என் கையில் கொடுத்தார்.

"எம்மக மொகத்துக்குப் பதிலா இத வச்சுக்கச் சொல்லுங்க."

எல்லா முகங்களையும் உடனே அழித்துவிட்டோம் என்று கம்பெனியிலிருந்து இப்போது கடிதம் வந்திருக்கிறது, அதே வாக்கியத்தை முப்பது நாள் வாய் வலிக்கச் சொன்னவள் என்பதால் அதை எம்புட்டு நம்பலாம் என்று எனக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.